டாஸ் மேட்ஷென்: அஃறிணையில் நிற்கும் பெண்பிள்ளை

ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு சொல் நிற்கும். ஆண்பாலென்றால் ‘டேர்’, பெண்பாலென்றால் ‘டீ’, இரண்டும் இல்லையென்றால் ‘டாஸ்’. உயிருள்ளதற்கும் இல்லாததற்கும், மனிதருக்கும் மேசைக்கும் இது உண்டு. கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் அல்லாதது. ஒரே தட்டின் அருகே மூன்று பால்களும் கிடக்கின்றன. சூரியன் அங்கே பெண், நிலா ஆண். சூரியன் உதித்தான் என்று எழுதியும், நிலா என்று மகளுக்குப் பெயர் வைத்தும் பழகிய நமக்கு வானமே இடம் மாறிப்போன மாதிரி இருக்கும்.

உலகத்தை உயர்திணை என்றும் அஃறிணை என்றும் முதலில் இரண்டாகப் பிரித்து, அதன் பிறகே பாலைப் பற்றிப் பேசும் இலக்கணத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் கணக்கில் மேசைக்கும் கதவுக்கும் ஆண், பெண் கிடையாது. ஒன்று, பல என்ற எண்ணிக்கைதான் உண்டு. அதனால் ஜெர்மன் வகுப்பில் உட்காரும் தமிழருக்கு இரட்டை வேலை. பொருள்களுக்குப் பால் இருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அது எந்தப் பால் என்பதைக் காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்யவும் வேண்டும். டேர் என்றால் நீலம், டீ என்றால் சிவப்பு, டாஸ் என்றால் பச்சை என்று நிறம் தீட்டிப் படிக்கச் சொல்லித் தருவார்கள். அந்தப் பட்டியலில் பச்சை நிறத்துக்குக் கீழே, வீடு, புத்தகம், கத்தி ஆகியவற்றோடு ஒரு சொல் வந்து நிற்கும்: டாஸ் மேட்ஷென். பெண்பிள்ளை.

பையனைக் குறிக்கும் ‘யுங்க’ என்ற சொல் நீலத்தில் இருக்கிறது. டேர் யுங்க. அவன் ஆண்பால். பெண்பிள்ளை மட்டும் ‘அது’.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் ஜெர்மன் மொழியின் கொடுமைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைக் கிண்டல் செய்திருக்கிறார். காய்கறிக்குப் பால் உண்டாம், கன்னிப்பெண்ணுக்கு இல்லையாம். அன்றிலிருந்து இன்றுவரை ஜெர்மன் படிக்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறார்கள். அந்தச் சிரிப்போடு நாமும் கடந்துபோக வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். கரண்டி ஏன் ஆண், முள்கரண்டி ஏன் பெண் என்ற கேள்விக்குப் பெண்ணிய விளக்கம் எதுவும் தேவையில்லை. அது ஒலியும் விகுதியும் வரலாறும் சேர்ந்து செய்த ஏற்பாடு. பாலம் பெண்பாலாக இருக்கும் மொழிக்காரர்கள் பாலத்தை அழகானது, மெல்லியது என்று வருணிப்பார்கள், ஆண்பாலாக இருக்கும் மொழிக்காரர்கள் உறுதியானது என்பார்கள் என்று ஓர் ஆய்வு மிகவும் பரவலாகப் பேசப்பட்டது. பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. நமக்குச் சாதகமாகத் தோன்றுகிறது என்பதற்காக ஆட்டம் காணும் ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம்.

இதே எச்சரிக்கை, நம்மை மகிழ்விக்கும் சொற்களுக்கும் பொருந்தும். ஜெர்மனில் விடுதலை பெண்பால். உண்மை பெண்பால். நீதியும் பெண்பால். மாணவிகளிடம் இதைச் சொன்னால் முகம் மலர்கிறது. ஆனால் இந்தச் சொற்கள் பெண்பாலானதற்குக் காரணம் அவற்றின் முடிவில் நிற்கும் ‘ஹைட்’, ‘கைட்’ என்ற விகுதிகள்தான். அந்த விகுதி வந்தால் மடத்தனமும் பெண்பால்தான். நோயும் பெண்பால்தான். விகுதி யாரையும் கௌரவிப்பதில்லை. 1850 முதல் 1908 வரை பிரஷ்யாவில் பெண்கள் அரசியல் சங்கங்களில் உறுப்பினராவதைச் சட்டம் தடை செய்திருந்தது. விடுதலை என்ற சொல்லுக்கு முன்னால் ‘டீ’ நின்றது. விடுதலையைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்குப் பெண் போக முடியவில்லை. ஜெர்மானியா என்ற பெண்ணுருவம் கையில் வாளோடு சிலையாக நின்ற நாட்டில், பெண்கள் முதன்முதலாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தது 1919 ஜனவரியில். தாயாக்கித் தெய்வமாக்கி உயரத்தில் வைத்துவிட்டு, கீழே நிற்கிறவளுக்கு இடம் மறுக்கும் வித்தை நமக்கும் புதிதில்லை. தமிழ்த்தாய்க்குச் சிலை இருக்கும் ஊரில்தான் நாமும் வாழ்கிறோம்.

ஆக, பொருள்களையும் கருத்துகளையும் ஒதுக்கி வைப்போம். மனிதர்களைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். அங்கே ஜெர்மன் தன்னிச்சையாக நடந்துகொள்வதில்லை. ஆண் டேர், பெண் டீ. அப்பா டேர், அம்மா டீ. அண்ணன் டேர், அக்கா டீ. அத்தை, மாமா, மகன், மகள் எல்லாமே ஒழுங்காக அவரவர் பாலில் நிற்கின்றன. மனிதரைப் பொறுத்தவரை இந்த மொழிக்கு யார் ஆண், யார் பெண் என்று நன்றாகவே தெரியும். தெரிந்த பிறகும் ஒருத்தியை டாஸ் வரிசையில் நிறுத்தியிருக்கிறது என்றால், அதன் காரணத்தைக் கேட்கலாம்.

ஆசிரியர்கள் தரும் பதில் உடனே வரும். ‘-ஷென்’, ‘-லைன்’ ஆகியவை சிறுமை காட்டும் விகுதிகள். எந்தச் சொல்லோடு சேர்ந்தாலும் அதை டாஸ் ஆக்கிவிடும். பூனைக்குட்டி, ரொட்டித்துண்டு, மேட்ஷென் எல்லாமே அப்படித்தான், இதில் அரசியல் ஒன்றுமில்லை. இலக்கணப்படி இது சரியான பதில். ஆனால் பாதிப் பதில். மேட்ஷென் என்பது ‘மாக்ட்’ என்ற சொல்லின் சிறுமை வடிவம். மாக்ட் என்றால் முன்பு கன்னிப்பெண், பிறகு வேலைக்காரி. ஆணைக் குறிக்கும் சொல்லோடும் இதே விகுதியைச் சேர்க்கலாம், சேர்த்தால் அதுவும் டாஸ் ஆகும். ஆனால் பையனுக்கு அன்றாடம் வழங்கும் பெயர் அதுவல்ல. அவனுக்குச் சிறுமை விகுதி கொஞ்சும்போது மட்டும் போட்டுக் கழற்றும் சட்டை. அவளுக்கு அதுவே நிரந்தரப் பெயர். விகுதி டாஸ் கேட்கிறது என்பது இலக்கணம். அந்த விகுதி யார்மேல் ஒட்டிக்கொண்டது என்பது சமூகம்.

விகுதியைக் காரணம் காட்ட முடியாத சொற்களும் இருக்கின்றன. ‘வைப்’ என்பது ஒரு காலத்தில் பெண்ணைக் குறித்த சாதாரணச் சொல். அதில் சிறுமை விகுதி ஏதும் இல்லை, ஆனாலும் டாஸ். இன்று அது பெண்ணை இழிவாகச் சொல்லும் சொல்லாகிவிட்டது. இன்னொன்று இதைவிடக் கூர்மையானது. ‘மென்ஷ்’ என்றால் மனிதர். டேர் மென்ஷ், ஆண்பால். அதே சொல்லை டாஸ் மென்ஷ் என்று சொன்னால், சில வட்டாரங்களில் அதன் பொருள் வேலைக்காரி. நடத்தை கெட்டவள் என்ற வசையும் அதுதான். எழுத்து ஒன்றும் மாறவில்லை. முன்னால் நிற்கும் சிறு சொல் மாறியது, மனிதர் வேலைக்காரியாகிவிட்டார்.

திருமணமாகாத பெண்ணை அழைக்கும் ‘ஃப்ரொய்லைன்’ என்ற சொல்லிலும் அந்த ‘-லைன்’ விகுதி இருக்கிறது. பெண்ணைக் குறிக்கும் ‘ஃப்ராவ்’ என்பதன் சிறுமை வடிவம், ஆகவே டாஸ். கல்யாணம் ஆனால் டீ, ஆகாவிட்டால் அறுபது வயதிலும் டாஸ். ஆணுக்கு இந்தப் பிரிவினை இல்லை, பதினெட்டிலும் எழுபதிலும் அவர் ‘ஹெர்’தான். வயதுவந்த பெண்கள் எல்லோரையும் அரசு அலுவலகங்கள் ஃப்ராவ் என்றே குறிப்பிட வேண்டும் என்று மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது 1972இல். பெண்கள் கேட்டுப் பெற்ற ஆணை அது.

இந்த டாஸ் பெண்கள் எங்கே வளர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் கிரிம் சகோதரர்களின் கதைகளுக்குப் போக வேண்டும். 1812இல் முதல் தொகுதி வந்தது. உலகமெங்கும் குழந்தைகள் அறிந்த நாயகிகள் அதில் இருக்கிறார்கள். நமக்கு ஆங்கிலம் வழியாக வந்த ஸ்னோ ஒயிட் அங்கே ஷ்னேவிட்ஷென். சிவப்புத் தொப்பிக்காரி ரோட்கெப்ஷென். தூங்கும் அழகி டோர்ன்ரோஸ்ஷென். சிண்ட்ரெல்லா ஆஷன்புட்டல். நான்கு பெயர்களும் டாஸ். மூலத்தில் படிக்கும்போது இது உறைக்கும். ஷ்னேவிட்ஷென் காட்டுக்குள் ஓடும்போது ‘அது’ ஓடுகிறது. ஏழு குள்ளர்களின் வீட்டில் ‘அது’ சமைக்கிறது, கட்டில் விரிக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் ‘அது’ கிடக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பிலோ தமிழிலோ இந்தச் செய்தி நமக்குக் கிடைக்காது, இரண்டிலும் அவள் அவள்தான்.

அதே கதையில் ‘டீ’ யாருக்கு? அரசிக்கு. கண்ணாடியிடம் கேள்வி கேட்கிறவளுக்கு, திட்டம் போடுகிறவளுக்கு, மாற்றாந்தாய்க்கு. பிற கதைகளில் சூனியக்காரிக்கு. விரும்புகிறவள், கோபப்படுகிறவள், செயல்படுகிறவள் எல்லாம் இலக்கணப்படி முழுப் பெண். அவள் கெட்டவள். நல்லவள் உறங்குகிறாள், காத்திருக்கிறாள், இலக்கணப்படி அஃறிணை. கதைசொல்லிகள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விகுதி தன் வேலையைச் செய்தது. ஆனால் இந்தக் கதைகளைக் கேட்டு உறங்கிய தலைமுறைகளின் காதில் நல்ல பெண்பிள்ளை என்றால் ‘அது’ என்றும், ‘அவள்’ என்றால் எச்சரிக்கை என்றும் விழுந்திருக்கிறது.

கதை தொகுத்த யாக்கோப் கிரிம் இலக்கண அறிஞரும்கூட. அவருடைய ஜெர்மன் இலக்கணத்தின் மூன்றாம் தொகுதி 1831இல் வந்தது. பெயர்ச்சொற்களுக்குப் பால் எப்படி வந்தது என்று அதில் விளக்குகிறார். ஆண்பால் முந்தியது, பெரியது, உறுதியானது, இயங்குவது, படைப்பது. பெண்பால் பிந்தியது, சிறியது, மென்மையானது, ஏற்பது. மூன்றாவது, உருவாக்கப்பட்டது, மூலப்பொருள், இன்னும் வளர்ச்சியடையாதது. தன் காலத்து வரவேற்பறையில் ஆணும் பெண்ணும் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ, அப்படியே கரண்டியையும் முள்கரண்டியையும் உட்கார வைத்திருக்கிறார். இலக்கணத்திலிருந்து சமூகத்தைக் கண்டதாக அவர் நினைத்தார். அவர் செய்தது நேர் எதிரானது. இதை இன்று எந்த மொழியியலாளரும் ஏற்பதில்லை. ஆனால் பால் என்ற இலக்கண வகையை ஆண்–பெண் படிநிலையாகப் படித்தது பெண்ணியவாதிகள்தான் என்று குறைசொல்கிறவர்கள், அந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் பெயரை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அதே காலத்தில் ஒரு பெண் கவிஞரும் எழுதிக்கொண்டிருந்தார். அன்னெட்டெ ஃபொன் ட்ரோஸ்டெ-ஹ்யூல்ஸ்ஹோஃப். அவருடைய ‘கோபுரத்தின் மேலே’ என்ற கவிதை 1842இல் வெளிவந்தது. உயரமான கோபுர மாடத்தில், புயற்காற்றில் தலைமுடி பறக்க ஒரு பெண் நிற்கிறாள். கீழே கொந்தளிக்கும் ஏரி. அந்தக் கொந்தளிப்போடு மல்லுக்கட்ட அவளுக்கு ஆசை. கடைசிப் பகுதியில், தான் வேட்டைக்காரனாகவோ படைவீரனாகவோ இருக்கக்கூடாதா, குறைந்தது ஓர் ஆணாகவாவது இருக்கக்கூடாதா என்று ஏங்குகிறாள். இருக்க முடியவில்லை. சொன்னபடி கேட்கும் குழந்தையைப் போல உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் கூந்தலை அவிழ்த்துக் காற்றில் விட மட்டுமே அவளால் முடிகிறது. ஜெர்மன் படிக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கவிதை எனக்கு இன்னொரு விதமாகத் திறந்தது. அவள் ஆசைப்படும் மூன்றும், வேட்டைக்காரன், வீரன், ஆண், டேர் சொற்கள். அவளுக்குத் தரப்பட்ட இடம், குழந்தை, டாஸ் சொல். நாற்பதைக் கடந்த ஒரு பெண், தனக்கு ஒதுக்கப்பட்ட அஃறிணையிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கும் கவிதை அது. அவருடைய முகத்தைப் பிற்காலத்தில் இருபது மார்க் பணத்தாளில் அச்சிட்டார்கள்.

டாஸ் வரிசை நூல்களோடு முடிந்துவிடவில்லை. ரைன், மோசல் ஆற்றுப் பகுதிகளிலும் லக்சம்பர்க்கிலும் சுவிட்சர்லாந்தின் சில இடங்களிலும் பேச்சுவழக்கில் பெண்களின் பெயருக்கு முன்னால் டாஸ் வரும். டாஸ் அன்னா. விகுதி ஏதும் இல்லை, வெறும் அன்னா, ஆனாலும் ‘அது’. டமாரிஸ் ந்யூப்ளிங் உள்ளிட்ட மொழியியலாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். யாருக்கு டாஸ், யாருக்கு டீ என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வீட்டு மகளுக்கும் தங்கைக்கும் நெருங்கிய தோழிக்கும் டாஸ். வெளியூரிலிருந்து வந்தவளுக்கும், மரியாதைக்குரிய அந்தஸ்தில் இருப்பவளுக்கும் டீ. அந்தக் காலத்தில் பண்ணையின் எஜமானி டீ, பண்ணையில் வேலை செய்த பெண் டாஸ். டாஸ் என்பது பாசத்தின் அடையாளம் என்று அந்த ஊர்ப் பெண்களே சொல்வதுண்டு, அது பொய்யில்லை. ஆனால் பாசத்துக்குரியவளும் கைக்குக் கீழே இருப்பவளும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். மரியாதை வேண்டுமென்றால் அந்தச் சொல்லை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. பொது வழக்கில், முன்னாள் தலைவர் அங்கெலா மெர்க்கெலை மட்டம்தட்ட நினைத்தவர்கள் ‘டாஸ் மெர்க்கெல்’ என்று சொன்னதுண்டு. நெருக்கம் இல்லாத இடத்தில் அதே டாஸ் வசையாகிவிட்டது.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. நம் வீட்டுப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். அப்பா வந்தாரு. அண்ணன் வந்தான். அம்மா வந்துச்சு. அக்கா சொல்லுச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு காலேஜ் போகுது. எழுத்துத் தமிழில் அவள் உயர்திணைப் பெண்பால் என்பதில் ஐயமில்லை. வாய்மொழியில், பல வட்டாரங்களில், வினைமுற்று அவளை அஃறிணையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஜெர்மனில் வினைச்சொல் பாலைக் காட்டாது. அவன் வந்தாலும் அவள் வந்தாலும் அது வந்தாலும் ஒரே வடிவம்தான். அங்கே பெயருக்கு முன்னால் ஒளிந்திருப்பது இங்கே வினையின் வாலில் இருக்கிறது. தெலுங்கில் இது பேச்சுவழக்கோடு நிற்காமல் இலக்கணமாகவே இருக்கிறது. அங்கே ஒருத்தி வந்தாலும் ஒரு பொருள் வந்தாலும் வினைமுற்று ஒன்றே. பல பெண்களாகச் சேர்ந்து வந்தால்தான் ஆண்களோடு உயர்திணைப் பன்மையில் இடம் கிடைக்கும்.

அம்மாவை ‘வந்தா’ என்றால் மரியாதைக் குறைவு, ‘வந்தாங்க’ என்றால் அந்நியம், அதனால் ‘வந்துச்சு’ என்ற நடுவழி. அதில் ஒட்டுதல் இருக்கிறது என்பார்கள். ஒட்டுதல் இருக்கிறதுதான். ஆனால் அதே ‘வந்துச்சு’ வேறு எங்கே கேட்கிறது? அறுபது வயதுத் துப்புரவுப் பணியாளரைப் பற்றி, அந்தத் தெருவின் பத்து வயதுப் பிள்ளை, “அது இன்னும் வரலையா?” என்று கேட்கும். அந்த அம்மாளின் சாதி தெரிந்துதான் அந்த வினைமுற்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. பெற்றவளிடம் ஒட்டுதலாக ஒலிப்பது, தெருவைக் கூட்டுகிறவரிடம் என்னவாக ஒலிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இதைத் தொல்காப்பியம் பார்த்திருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. கிளவியாக்கத்தில் பதினெட்டுச் சொல்வகைகளைத் தொகுத்து ஒரு நூற்பா வருகிறது. உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணை போலவே முடிபு கொள்ளும் சொற்கள் அவை. மகவு, குழவி அதில் உண்டு. ஜெர்மனிலும் குழந்தை டாஸ்தான். நாமும் குழந்தை அழுதது என்றுதான் எழுதுகிறோம். அடிமை அந்தப் பட்டியலில் உண்டு. பெண்மை உண்டு. பிறப்பின் இயல்பு திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர் உண்டு. காதலால் சொல்லும் சொல்லும், வெறுப்பால் சொல்லும் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் உண்டு. நெருக்கமும் இழிவும் ஒரே இலக்கண வாசல் வழியாக அஃறிணைக்குள் நுழைகின்றன என்பதை அந்த நூற்பா ஒரே மூச்சில் பதிவு செய்துவிட்டது.

நேர்மையாகச் சொன்னால் ஆண்மையும் அரசும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பெண்ணை மட்டும் தாழ்த்தும் விதி என்று இதைச் சொல்ல முடியாது. பண்பையும் பதவியையும் குறிக்கும் சொற்கள் அப்படித்தான் முடியும் என்பதே விதி. வேறுபாடு விதிக்கு வெளியே இருக்கிறது. அரசுக்கு அரசன் என்ற வாசல் உண்டு, அதன் வழியே உயர்திணைக்குள் நடந்து போய்விடலாம். அடிமைக்கு அப்படியொரு சொல் வழக்கில் நிலைக்கவில்லை, அடிமை அடிமையாகவே முடிந்தது. ஜெர்மன் பையன் குழந்தையாக டாஸில் இருந்து, வளர்ந்ததும் டேருக்குப் போய்விடுகிறான். அவனோடு பிறந்தவள் குழந்தையாக இருந்தபோதும் டாஸ், பெண்பிள்ளையானபோதும் டாஸ், திருமணமாகும்வரை டாஸ். அஃறிணையில் இருப்பது அவமானம் என்று நான் நினைக்கவில்லை. மரமும் ஆறும் அங்கேதான் இருக்கின்றன. வெளியேறும் வாசல் சிலருக்குத் திறந்தும் சிலருக்கு மூடியும் இருப்பதுதான் கேள்வி.

வாசலைத் தாண்டிய பெண்ணுக்கு ஜெர்மனில் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. ஆசிரியர் ‘லேரர்’, ஆண்பால். ஆசிரியை ‘லேரரின்’. ஆணின் பெயரோடு ‘இன்’ சேர்த்தால் பெண். பன்மையில் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ஆணின் பெயரே போதும் என்பது பழைய வழக்கம். 1978இல் சென்டா ட்ரோமெல்-ப்ளோட்ஸ் இதைக் கேள்விக்குள்ளாக்கி எழுதினார். 1984இல் லூயிஸெ புஷ் ‘ஆண்களின் மொழியாக ஜெர்மன்’ என்ற நூலை வெளியிட்டார். தொண்ணூற்றொன்பது பாடகிகளோடு ஒரு பாடகன் சேர்ந்தால் நூறு பாடகர்கள், அதாவது ஆண்பாலில் நூறு பேர், என்று அவர் போட்டுக் காட்டிய கணக்கு இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. புஷ் ஒரு தீர்வையும் முன்வைத்தார். ‘இன்’ விகுதியை விட்டுவிடலாம். ஆணென்றால் டேர், பெண்ணென்றால் டீ, யாரென்று குறிக்கத் தேவையில்லாதபோது எல்லோருக்கும் டாஸ். பெண்பிள்ளையை அடைத்து வைத்த அறையை எல்லோருக்குமான பொதுக்கூடமாக்கும் யோசனை அது. நடைமுறைக்கு வரவில்லை.

நடைமுறையில் நடந்தது வேறொரு போராட்டம். சார்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த மார்லீஸ் க்ரேமர் என்ற மூதாட்டி, தன் சேமிப்பு வங்கியின் படிவங்களில் வாடிக்கையாளர் என்பது ஆண்பாலில் மட்டும் இருக்கிறது, என்னைப் பெண்பாலில் குறிப்பிடுங்கள் என்று வழக்குத் தொடுத்தார். 2018 மார்ச் 13இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தது. ஆண்பால் சொல் இரு பாலரையும் குறிப்பதுதான் வழக்கம், இதில் பாகுபாடு இல்லை என்றது. அப்போது அவருக்கு வயது எண்பது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னால், 2005இல், மெர்க்கெல் பதவியேற்றபோது, தலைவர் என்பதன் பெண்பால் வடிவமான ‘புண்டஸ்கன்ஸ்லரின்’ அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்வானது. நாட்டின் தலைமைக்கு ‘இன்’ கிடைத்தது, வங்கிப் படிவத்தில் கிடைக்கவில்லை. இன்று பலர் சொல்லின் நடுவில் ஒரு நட்சத்திரக் குறி இட்டு, ஆண், பெண், இரண்டிலும் அடங்காதவர்கள் என எல்லோரையும் சேர்க்க முயல்கிறார்கள். பவேரிய மாநில அரசு 2024 ஏப்ரல் 1 முதல் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அந்தக் குறியைத் தடை செய்திருக்கிறது. மொழி தானாக மாற வேண்டும், அரசு தலையிடக் கூடாது என்று இத்தனை நாள் சொன்னவர்கள்தான் சட்டம் போட்டு ஒரு நட்சத்திரத்தைத் தடுக்கிறார்கள்.

தமிழில் நமக்கு ‘அர்’ விகுதி இருக்கிறது. ஆசிரியர், கவிஞர், எழுத்தாளர் என்று பால் காட்டாமல் மரியாதையோடு சொல்ல முடிகிறது. ஜெர்மன் பெண்ணியவாதிகள் நாற்பது ஆண்டுகளாகத் தேடுவது நமக்குப் பழைய சொத்து. அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம்? கவிஞர் என்று சொன்னால் ஆணை நினைத்துக்கொள்கிறோம், என்னைப் போன்றவர்களுக்குப் ‘பெண் கவிஞர்’ என்று ஒட்டுப்போடுகிறோம். விகுதி பொதுவாக இருந்தால் போதாது. அதைக் கேட்கிறவரின் மனத்தில் பெண்ணுக்கும் இடம் இருக்க வேண்டும்.

இந்தப் பேச்செல்லாம் ஜெர்மனி போகிற நம் பெண்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். இன்று ஜெர்மன் படிக்கும் தமிழ்ப் பெண்களில் பலர் செவிலியர்கள். அவர்கள் போகும் மருத்துவமனைகளில் செவிலியருக்கு நெடுங்காலமாக வழங்கிய பெயர் ‘க்ராங்கன்ஷ்வெஸ்டர்’, நோயாளிகளின் சகோதரி. கன்னிமாட வழக்கத்தின் மிச்சம். நம் ஊர் ‘சிஸ்டர்’ மாதிரிதான். சகோதரி என்றால் செய்வது சேவை, சேவைக்குக் கணக்குப் பார்த்துக் கூலி கேட்பது அழகில்லை என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. 2004இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்தப் பெயரை நீக்கியது. 2020 முதல் ‘ப்ளேகெஃபாஹ்ஃப்ராவ்’ என்கிறார்கள், பராமரிப்புத் துறையில் தேர்ச்சி பெற்ற பெண். பெயர் மாறியும், நோயாளிகள் பழக்கத்தில் ஷ்வெஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். பதில் சொல்லும்போது தன் தொழிற்பெயர் என்ன என்று தெரிந்திருப்பது, அங்கே சம்பளத்தையும் மரியாதையையும் பேசி வாங்க வேண்டிய பெண்ணுக்கு நிச்சயம் உதவும்.

அவர்களுக்கும் என் மாணவிகளுக்கும் இலக்கணம் தரும் ஒரு சிறு சலுகையைச் சொல்லி முடிக்கிறேன். டாஸ் மேட்ஷென் என்று தொடங்கிய பிறகு, அடுத்த வாக்கியத்தில் அவளைச் சுட்டும்போது ‘எஸ்’, அதாவது அது, என்று சொல்வதுதான் கறாரான விதி. ஆனால் ‘ஸீ’, அதாவது அவள், என்று சொல்வதையும் இலக்கண நூல்கள் ஏற்கின்றன. பெயரிலிருந்து சற்றுத் தள்ளிப் போனதும் பெரும்பாலான ஜெர்மானியர்கள் இன்று அப்படித்தான் பேசுகிறார்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் டாஸை உங்களால் மாற்ற முடியாது, மாற்றினால் தேர்வில் மதிப்பெண் போகும். அடுத்த வாக்கியம் உங்கள் கையில் இருக்கிறது. ‘ஸீ’ என்று எழுதுங்கள். தமிழில் பேசும்போதும் தெருவைக் கூட்டும் அம்மாளைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், “வந்துட்டாங்களா?” என்று கேளுங்கள்.